கேதாரத்துக் கற்கிண்ணம்

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் புவியியல் கற்பித்தவர் அவர். ஆண்டுதோறும் பனியாறுகள் பற்றிய பாடம் வரும்போது கரும்பலகையில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றை வரைவார். அதன் முதுகு செங்குத்தாக உயர்ந்திருக்கும். இருக்கை குழிந்திருக்கும். இருக்கையின் முன்விளிம்பு சற்றே மேலெழும்பி நிற்கும். கைப்பிடிகளின் இடத்தில் கத்தி முனைபோன்ற இரு மலைமுகடுகள். "உயர்ந்த மலைகளில் பனியாறு குடைந்தெடுக்கும் கிண்ணம் இது. சர்க்கு என்று பெயர். தேர்வில் தவறாமல் கேட்பார்கள்" என்பார்.

மலை என்பதே கண்ணுக்குத் தென்படாத ஊர் அது. வயல்வெளிக்கு மேல் உயர்ந்து நின்றது சிவாலயத்து இராஜகோபுரம் ஒன்றுதான். "சார், நீங்கள் இதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒரு மாணவன் கேட்பான். "இல்லை" என்று அவரும் ஒவ்வோர் ஆண்டும் உண்மையைச் சொல்வார். 2009-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். கரும்பலகை நாற்காலியும் அத்துடன் நின்றுபோயிற்று.

சிறுவயதிலேயே தாயை இழந்த அவரை வளர்த்தவர் அவருடைய அக்காள். இளமையில் கணவரை இழந்து பிறந்தகம் திரும்பியவர். அப்பளம் இட்டு விற்றுத் தம்பியைக் கல்லூரிக்கு அனுப்பியவர். திருஞானசம்பந்தரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் திருக்காளத்தியில் இருந்தபடியே திருக்கேதாரத்தைப் பாடிப் பரவினர் என்பது வரலாறு. அவ்விரு பதிகங்களையும் அந்த அம்மையார் நாள்தோறும் பூஜையில் ஓதுவார். "அவர்கள் இருந்த இடத்திலிருந்தே கண்டுவிட்டார்கள். எனக்கு அந்தக் கண் இல்லை, தம்பி. கால் நடக்கும்போதே ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

2013 ஜூன் மாதம், தமது எழுபதாம் வயதில், ஊர் அன்பர்கள் சிலருடன் அவர் புறப்பட்டார். தம்பி கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாவும் முழங்கால் தைலமும் வாங்கிக் கொடுத்து, இரயில் நிலையம் வரை சென்று வழியனுப்பினார். 15-ஆம் தேதி மாலை கௌரிகுண்டத்திலிருந்து அக்காள் தொலைபேசியில் பேசினார். "நாளைக்கு மேலே போகிறோம். மழை விடாமல் பெய்கிறது. நீ கொடுத்த குல்லா நல்ல கதகதப்பு." அதற்குப் பின் அந்தக் குரல் வரவில்லை. காணாமற்போனோர் பட்டியலில் பெயர் வந்தது. பிறகு சான்றிதழ் ஒன்று வந்தது.

நாளிதழ்களில் கேதாரப் பள்ளத்தாக்கின் படம் அச்சாகியிருந்தது. உயர்ந்த முதுகு, குழிந்த இருக்கை, முன்னே கற்குவியல். ஆசிரியர் அதை நெடுநேரம் பார்த்திருந்தார். இரவில் மனைவியிடம், "முப்பத்து மூன்று வருஷம் நான் போட்ட படம் இது. இதன் விளிம்பில் தளர்ந்த கற்கரை இருக்கும், அதன் பின்னால் தண்ணீர் தேங்கும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்! அக்காவுக்குக் குல்லா வாங்கிக் கொடுத்தேன்" என்றார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் கேதாரம் என்ற பெயரை அவ்வீட்டில் எவரும் எடுக்கவில்லை. பதிகப் புத்தகம் மட்டும் பூஜை அலமாரியில் இருந்த இடத்திலேயே இருந்தது.

2022 அக்டோபரில், குளிர்காலத்திற்காகச் சந்நிதி அடைக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், கணவனும் மனைவியும் கௌரிகுண்டம் சேர்ந்தனர். போகலாம் என்று முதலில் சொன்னவர் மனைவிதான். அம்மையாருக்கு டோலி அமர்த்தப்பட்டது. ஆசிரியர் பாதி வழி மட்டக்குதிரையிலும், மூச்சு இடங்கொடுத்த அளவுக்குக் காலாலும் சென்றார். ராம்பாரா என்ற ஊர் இருந்த இடத்தில் இப்போது பாறைகள் மட்டுமே. அதைத் தாண்டியதும் பாதை மந்தாகினியின் மறுகரைக்கு மாறிவிடுகிறது. பழைய வழி எதிர்க்கரையில் அறுந்து அறுந்து தெரிந்தது. அக்காள் ஏறிச் சென்ற வழி அதுதான்.

ஆனால் ஆசிரியரின் கண் வேறொன்றையும் கண்டது. கீழே குறுகலாக, ஆறு ஆழ அறுத்த பள்ளமாக இருந்த பள்ளத்தாக்கு, மேலே செல்லச் செல்ல அடி அகன்று, தொட்டிபோல விரிந்துகொண்டே போயிற்று. ஆறு தன் வழியைக் கத்திபோல் கீறும். பனியாறோ தன் உடலின் அகலம் முழுவதையும் இழைத்துச் செல்லும். ஏறத்தாழ பதின்மூன்றாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இங்குள்ள பனியாறு ராம்பாரா அளவுக்கு இறங்கி வந்திருந்தது என்று, அது விட்டுச்சென்ற கற்குவியல்களைக் கொண்டு ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இன்று அதன் நுனி கோயிலுக்கும் மேலே ஏறிப் பின்வாங்கியிருக்கிறது. யாத்திரிகர் நடக்கும் மேற்பகுதி வழியெல்லாம் ஒரு காலத்தில் பனிக்கட்டியின் அடியில் கிடந்த நிலமே.

மாலையில் மேகம் கவிந்திருந்தது. தரிசனம் முடித்து அறைக்குத் திரும்பியபோது கோயில் விளக்குகளுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலையில் கதவைத் திறந்த அம்மையார், "இங்கே வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் கோயில். அதன் சிகரத்துக்குப் பின்னே, 6,940 மீட்டர் உயர்ந்த கேதார்நாத் சிகரமும் 6,831 மீட்டர் உயர்ந்த கேதார் குவிமாடமும் முதல் வெயிலில் பொன்னாக நின்றன. மூன்று புறமும் சுவர். தெற்கே மட்டும் வாசல். கருவறையை அர்த்தமண்டபத்திலிருந்து பார்ப்பதுபோன்ற அமைப்பு. ஆசிரியர் கைகூப்பினார். கூப்பிய கையோடு, தம் கரும்பலகைப் படத்தில் இருந்த பிழைகளையும் கண்டுகொண்டார். ஒரே நாற்காலி அன்று அது. பெரிய இருக்கை ஒன்றின் முதுகில், மேலே மேலே சிறு சிறு இருக்கைகள் குடையப்பட்டு, ஒவ்வொன்றிலும் வெண்பனி குந்தியிருந்தது.

காலை உணவுக்குப் பின் இருவரும் மெல்ல மெல்லப் பைரவநாதர் சந்நிதி உள்ள கிழக்குக் குன்றில் ஏறினர். பத்தடிக்கு ஒருமுறை நின்றனர். மேலே சென்று அமர்ந்ததும் பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன் விரிந்தது. கீழே கையளவு கோயில். அதன் வடக்கே சோராபாரிப் பனியாற்றின் அழுக்கேறிய நுனி.

"பனி இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே, இது எப்படிக் கல்லைக் குடையும்?" என்று அம்மையார் கேட்டார். முப்பத்து மூன்று ஆண்டுகளில் எந்த மாணவனும் இப்படிக் கேட்டதில்லை.

ஆசிரியர் சொல்லத் தொடங்கினார். மலைச்சரிவில் முதலில் இருப்பது சிறியதொரு பள்ளம் மட்டுமே. காற்று கொண்டுவந்து போடும் வெண்பனி அதில் தங்கும். கோடையிலும் முழுதும் உருகாமல் மிஞ்சும். அடுத்த ஆண்டின் பனி அதன்மேல் விழும். பல ஆண்டுப் பனி ஒன்றையொன்று அழுத்தும்போது இடையிலிருந்த காற்று பிதுங்கி வெளியேற, பஞ்சு இறுகி நீலம் பாய்ந்த பனிக்கட்டியாகும். போதிய கனம் சேர்ந்தபின் அது தன் எடையாலேயே நகரத் தொடங்கும். பின்புறம் கீழே அழுந்தி, முன்புறம் மேலே எழும்பி, தொட்டிலில் குழந்தை சறுக்குவதுபோல வளைந்து நகரும். அடியில் சிக்கிய கற்கள் உப்புத்தாள் போலத் தரையைத் தேய்க்கும். அதனால்தான் கிண்ணத்தின் நடு ஆழமாகிறது. விளிம்பை அடையும்போது பனியின் கனமும் அழுத்தமும் குறைந்துவிடுவதால் அங்கே பாறை வாசற்படிபோல மிஞ்சிவிடுகிறது. பனி உருகி மறைந்தபின் அந்தப் படிக்குப் பின்னால் குளம் தங்கும்.

பின்சுவரின் கதை வேறு. பனிக்கட்டிக்கும் சுவருக்கும் இடையே பெரிய வெடிப்பு திறக்கும். பகலில் உருகிய நீர் அதன் வழியே இறங்கிப் பாறையின் பிளவுகளில் புகும். இரவில் உறையும். உறையும் நீர் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பருக்கும். கல் தச்சர் பாறையில் துளையிட்டு மர ஆப்பு இறுக்கி, அதன்மேல் நீர் ஊற்றிப் பிளப்பதை நினைத்துக்கொள்ளலாம். அந்த ஆப்பு வேலை இங்கே ஒவ்வோர் இரவும் நடக்கிறது. தளர்ந்த கல்லைப் பனிக்கட்டி பற்றி இழுத்துக்கொண்டு போகும். சுவர் பின்னே பின்னே செல்லும். ஒரு மலையின் பல பக்கங்களிலும் இப்படிக் கிண்ணங்கள் குடையப்பட்டால் நடுவே மிஞ்சுவது கூம்பான சிகரம்.

பிரெஞ்சு மொழியில் சர்க்கு எனப்படும் இதற்கு ஸ்காட்லாந்தில் காரி என்றும் வேல்ஸ் நாட்டில் கூம் என்றும் பெயர். எவரெஸ்டின் அடியில் உள்ள பனிப்பள்ளத்தாக்கிற்கு 1921-இல் மேலோரி என்ற மலையேறி மேற்குக் கூம் என்றே பெயரிட்டார். இந்தப் பெயர் விவரங்களில் அம்மையாருக்கு நாட்டம் இல்லை. "அப்படியானால் எல்லாச் சுவரும் ஒரேமாதிரிதானே இருக்க வேண்டும்? இந்தச் சுவர் ஏன் இவ்வளவு செங்குத்து?" என்றார்.

தாம் வகுப்பில் ஒருநாளும் சொல்லாமல் விட்ட பாதிப் பாடம் அது என்பதை ஆசிரியர் அங்கேதான் உணர்ந்தார். பனியைச் சிற்பியாகவே அவர் வருணித்திருந்தார். கல்லைப் பற்றிப் பேசியதில்லை. எந்தக் கல்லும் ஒன்றுதான் என்பதுபோல நடத்திவிட்டிருந்தார். சிற்பிக்குத் தெரியும், கல்லின் ஓட்டம் அறியாமல் உளி வைத்தால் என்ன ஆகும் என்று.

எதிரே இருந்த மேற்கு முகட்டை அவர் சுட்டினார். வெயில் நன்றாக விழுந்திருந்தது. கருமையும் வெளிறிய நிறமுமான பட்டைகள் இடப்புறம் உயர்ந்து, வலப்புறம் அதாவது வடக்கு நோக்கித் தாழ்ந்து செல்வது தெரிந்தது. நைஸ் என்னும் பட்டைப் பாறை அது. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டின் அடியில் நுழைந்தபோது இமயத்தின் பாறைத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டன. அவை பெரும்பாலும் வடக்கே சாய்ந்திருக்கின்றன.

அம்மையாரின் பூஜைப் பையில் ஊரிலிருந்து கொண்டுவந்த வெற்றிலைக் கவுளி இருந்தது. ஆசிரியர் அதைத் தாம்பாளத்தில் வைத்தார். தாம்பாளத்தைத் தம் பக்கமாகச் சாய்த்தார். வெற்றிலைகள் சரிந்து மடியில் விழுந்தன. திரும்ப அடுக்கி, இப்போது எதிர்ப்பக்கமாகச் சாய்த்தார். அவர் பக்கத்தில் இருந்த இலை விளிம்புகள் வெட்டுமுகமாக நிமிர்ந்து நின்றன. ஒன்றும் விழவில்லை.

"பாறைத் தகடுகள் கிண்ணத்தின் பக்கம் சாய்ந்திருந்தால், பனி கொஞ்சம் அடியை அரித்ததுமே அவை பாளம் பாளமாக வழுக்கி இறங்கிவிடும். சுவர் சரிவாகத்தான் மிஞ்சும். மலைக்குள்ளே சாய்ந்திருந்தால் பனி ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். சுவர் படிபடியாக, செங்குத்தாக நிற்கும். நாம் பார்ப்பது வெற்றிலையின் வெட்டுமுகம்" என்றார் அவர்.

பிளவுகளின் நெருக்கமும் கணக்கில் சேரும். பிளவுகள் அடுத்தடுத்து அமைந்த பாறையைப் பனி எளிதில் அள்ளிவிடும். அங்கே கிண்ணம் விரைவில் அகலும். பிளவுகள் தொலைவாக அமைந்த பாறை நெடுங்காலம் எதிர்த்து நிற்கும். பெயரும்போது யானை அளவு பாளமாகப் பெயரும். வெயிலுக்கும் இதில் பங்குண்டு. உயரம் குறைந்த மலைகளில், வடக்கும் கிழக்கும் நோக்கிய நிழற்பக்கத்தில்தான் இத்தகைய கிண்ணங்கள் மிகுதியாகத் தோன்றும். தெற்கு நோக்கிய கேதாரச் சுவரில் பனி தங்குவதற்கு அதன் உயரமும், மேலிருந்து ஓயாமல் சரிந்து விழும் பனிச்சரிவுகளுமே காரணம்.

"கைலாசமும் இப்படித்தானா?" என்று கேட்டார் அம்மையார். அவர்கள் வீட்டுப் பூஜையறையில் கைலாசப் படம் ஒன்று உண்டு. கைலாசத்தின் கல் வேறு. கூழாங்கற்கள் படிந்து இறுகிய பாறை அது. அடுக்குகள் சாயாமல் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே கிடக்கின்றன. சுற்றிலும் பனி அறுத்துவிட்டபின், அந்தக் கிடையடுக்குகள் பக்கங்களில் வரிவரியாகத் தெரிகின்றன. படத்தில் படிக்கட்டுபோல் தோன்றும் கோடுகள் அவையே. ஆகஸ்டோ கான்சர் என்ற சுவிட்சர்லாந்து நிலவியலறிஞர் 1936-இல் யாத்திரிகர் வேடம் பூண்டு கைலாசத்தை வலம்வந்து அந்தக் கற்களை ஆராய்ந்தார். வேடம் எதுவாயினும் பிரதக்ஷிணம் பிரதக்ஷிணந்தானே என்று அம்மையார் சிரித்தார். அந்த யாத்திரையில் அவர் சிரித்தது அப்போதுதான்.

பிறகு சற்று நேரம் இருவரும் பேசவில்லை. கோயிலுக்கு வடமேற்கே, பனியாற்றின் பக்கவாட்டில் நீண்டு கிடந்த கற்கரையை ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து பெயர்த்த கல்லையெல்லாம் பனியாறு சுமந்துவந்து இருபுறமும் கரையாகக் குவிக்கும். மொரைன் என்பது அதன் பெயர். அது கட்டிய கரை அன்று. சுண்ணாம்போ களிமண்ணோ இட்டு இறுக்கியதன்று. கல்லும் மணலும் தூளும் தாமாக நின்ற குவியல். அந்தக் கரைக்குப் பின்னே, கோயிலிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் மேலே, சோராபாரி ஏரி இருந்தது. 1948-இல் காந்தியடிகளின் அஸ்தி அதில் கரைக்கப்பட்டதால் காந்தி சரோவர் என்றும் அழைப்பார்கள். 2013 ஜூன் 15 மாலை முதல் 16 மாலை வரை, பனியாற்றின் அருகே ஆய்வாளர்கள் வைத்திருந்த மழைமானியில் 325 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. பருவமழை முன்னதாக வந்துவிட்டது. மேலே பனி இன்னும் உருகிக்கொண்டிருந்தது. 16 மாலையே முதல் வெள்ளம் ஊருக்குள் வந்தது. 17 காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் கற்கரை உடைந்தது. சில நிமிடங்களில் ஏரி முழுவதும் வடிந்து இறங்கிற்று.

கோயிலுக்குப் பின்னே வெள்ளம் உருட்டிவந்து நிறுத்திய பெரும்பாறையைப் பக்தர்கள் பீமசிலை என்று போற்றுகிறார்கள். நீர் அதில் மோதி இருபுறமும் பிரிந்ததால் ஆலயம் தப்பியது. சுற்றியிருந்தவை போயின.

"கேட்க வேண்டும் என்று ஒன்பது வருஷமாக நினைத்திருந்தேன்" என்றார் அம்மையார். "இதையெல்லாம் அன்றைக்கே அக்காவிடம் சொல்லியிருந்தால், அவர்கள் வராமல் இருந்திருப்பார்களா?"

ஆசிரியர் விடை சொல்ல நேரமாயிற்று. அக்காள் பதிகம் ஓதும் குரல், அப்பள மாவு பிசைந்த கை, இரயில் ஜன்னல் எல்லாம் அவருக்குள் வந்துபோயிருக்க வேண்டும்.

"வந்திருப்பார்கள்" என்றார். "ஆனாலும் சொல்லியிருக்கலாம். ஜூனில் வேண்டாம், மழை கழிந்து புரட்டாசியில் போகலாம் என்றாவது சொல்லியிருக்கலாம்."

அம்மையார் மறுக்கவில்லை. மறுத்து ஆறுதல் சொல்லாதது நன்றாயிருந்தது என்று பின்னர் அவர் ஊரில் சொன்னார்.

நண்பகலில் மந்தாகினிக் கரையில் எள்ளும் நீரும் இறைத்தார் ஆசிரியர். நீர் எலும்பைத் தொடும் குளிர். விரல் மரத்துப்போய்த் தருப்பை இரண்டுமுறை நழுவியது. மறுநாள் அதிகாலையில் மீண்டும் சந்நிதிக்குச் சென்றனர். கேதாரத்து மூர்த்தி உளி தொட்ட இலிங்கம் அன்று. மலைப்பாறையே காளையின் திமில்போல் முக்கோணமாக எழுந்து நிற்கிறது. பாண்டவர் தேடியபோது காளை வடிவில் மறைந்த பெருமானின் முதுகு என்பது புராணம். பக்தர்கள் தம் கையாலேயே நெய் பூசி வழிபடலாம். ஆசிரியர் நெய்யை அள்ளி வைத்தபோது உள்ளங்கையில் கல்லின் சொரசொரப்பு உறுத்தியது. அம்மையார், அக்காளின் பதிகப் புத்தகத்தைப் பிரித்து, திணறித் திணறி ஓதினார். மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் ஒரு பதிகமே முடிந்தது. மற்றொன்றைக் காளத்திக்குப் போய் ஓதிவிடலாம் என்று முடிவாயிற்று.

ஊர் திரும்பும் இரயிலில், பழைய பழக்கம் கைக்கு வந்தது. அச்சிட்ட பயணச்சீட்டின் பின்புறத்தில் ஆசிரியர் நாற்காலியை வரைந்தார். இம்முறை முதுகுச் சுவருக்குள் வடக்கே சாய்ந்த கோடுகள் இட்டார். பக்கத்தில் கற்கரை, அதன் பின்னே சிறுவட்டமாக ஏரி. அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கோயில் எங்கே?"

இரு நீரோட்டங்களுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்தார்.

"அக்கா தங்கிய சத்திரம்?"

அங்கே இருந்த மூன்று நாளும் ஆசிரியர் அதைப் பலரிடம் விசாரித்திருந்தார். விடுதிகள் நின்ற இடம் இப்போது கல் பாவிய அகன்ற வழி. எது எங்கே இருந்தது என்று எவராலும் காட்ட முடியவில்லை. பென்சிலை அந்த வழியின்மேல் சிறிதுநேரம் பிடித்திருந்தார். பிறகு காகிதத்தை மடித்துப் பதிகப் புத்தகத்துக்குள் வைத்தார்.